காற்றிலிருந்து மின்: கமக்காரர் இல்லத்தில் காற்றாடி, பற்றரி, இன்வேட்டர் ஆகியவற்றை இணைக்கும் முறை

சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் வாழையிலை கிழிவதையும், வரம்பில் நடப்பவன் தலைத்துண்டைப் பிடித்துக்கொள்வதையும் உலர்வலயக் கமக்காரர் ஆண்டுதோறும் காண்கின்றனர். பயிரை உலர்த்தி, மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் செல்லும் இக்காற்றைக் கமக்காரர் பெரும்பாலும் தொல்லையாகவே கருதுவர். எனினும் அதே காற்று, தக்க கருவி கொண்டு பிடிக்கப்படுமாயின், இரவில் விளக்கேற்றவும், காவற் கொட்டிலுக்கு ஒளி தரவும், யானைவேலியை இயக்கவும், சிறு பம்பி ஒன்றினால் மரக்கறிப் பாத்திக்கு நீரிறைக்கவும் பயன்படக்கூடியது.

இத்தொழில் புதியதன்று. ஸ்கொட்லாந்து நாட்டுப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் என்பார் 1887ஆம் ஆண்டிலே தம் விடுமுறை இல்லத்தின் தோட்டத்தில் காற்றாடி ஒன்றை நிறுவி, அது தந்த மின்னைச் சேமிப்புக் கலங்களில் நிரப்பி வீட்டுக்கு ஒளியேற்றினார். அமெரிக்காவின் பெருவெளிப் பண்ணைகளில் 1930ஆம் ஆண்டுகளில் ஜேக்கப்சு சகோதரர் செய்த 32 வோல்ற்றுக் காற்றாடிகள், மின்கம்பி எட்டாத பல வீடுகளுக்கு விளக்கும் வானொலியும் வழங்கின. ஸ்கொட்லாந்தின் ஸ்கோரெய்க் குடாநாட்டில் வாழும் ஹியூ பிகொட் என்பார், கிராமப் பட்டறையிலேயே செய்யத்தக்க நிலைக்காந்தக் காற்றாடியின் அமைப்பை நூல்வாயிலாக உலகெங்கும் பரப்பியுள்ளார். இலங்கையில் மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையில் 30 பெருங்காற்றாடிகள் நிற்பதைப் பலர் கண்டிருப்பர். அவை நாட்டின் மின்வலைக்கு மின் வழங்குவன. இங்கு கூறப்படுவதோ, ஒரு குடும்பத்தின் தேவைக்கான சிறு காற்றாடி பற்றியதாகும்.

நம் நாட்டின் பெரும்பான்மையான இல்லங்களுக்கு இன்று மின்னிணைப்பு உண்டு. ஆயினும் வயற்கரைக் கொட்டில், ஊரிலிருந்து விலகிய மேட்டுநிலத் தோட்டம், காட்டோரக் குடியிருப்பு ஆகியவற்றுக்கு மின்கம்பி செல்வதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டப்பட்ட காலத்தையும் எவரும் மறந்திரார். ஆகவே, சொந்த மின்னைச் சேமித்து வைத்தலில் விருப்பங் கொள்ளும் கமக்காரர் பலராயினர். விருப்பம் நல்லதே. ஆனால் முறையறியாது இணைத்தால் காற்றாடி உடையும், பற்றரி வெடிக்கும், உயிருக்கும் ஊறு நேரும். நகையை அடகு வைத்து வாங்கிய கருவி ஒரே சோளகத்தில் பாழாவதைத் தவிர்க்க வேண்டுமாயின், பின்வருவனவற்றை நன்கு அறிந்துகொள்ளல் வேண்டும்.

காற்றை முதலில் அளந்தறிக

காற்றிலுள்ள வலு அதன் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறும். வேகம் இரு மடங்கானால் வலு எட்டு மடங்காகும். எடுத்துக்காட்டாக, 2.4 மீற்றர் விட்டமுள்ள காற்றாடி, செக்கனுக்கு 4 மீற்றர் வேகமுள்ள காற்றில் ஏறக்குறைய 40 வாற்று மின்னே தரும். செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் அதே காற்றாடி 300 வாற்றுக்கு மேல் தரும். எனவே, விற்பவர் கூறும் "500 வாற்று" என்ற பெயரளவை நாள்முழுதும் கிடைக்கும் அளவென எண்ணுதல் தவறு. அது வன்காற்றில் மட்டும் கிடைப்பது. ஒரே பெயரளவுள்ள இரண்டு காற்றாடிகளில், இறகின் விட்டம் கூடியதே மென்காற்றில் நன்கு உழைக்கும்.

வடமேல் கரையோரம், மன்னார், யாழ்ப்பாணக் குடாநாடு, பூநகரி, அம்பாந்தோட்டை ஆகிய பகுதிகளில் மே மாதம் முதல் செத்தெம்பர் மாதம் வரை தென்மேல் பருவக்காற்று வலுவாக வீசும். மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும். பங்குனி, சித்திரை மாதங்களிலும், ஐப்பசி மாதத்தை ஒட்டியும் காற்று ஓய்ந்து கிடக்கும். அவ்வோய்வு நாட்களில் காற்றாடியை மட்டும் நம்பியிருப்போர் இருளில் இருக்க நேரும். பங்குனி, சித்திரையில் வெயில் மிகுதியாதலின், சிறு சூரியத் தகடு ஒன்றையும் அதே பற்றரியுடன் தனிக் கட்டுப்படுத்தி மூலம் இணைத்தல் சிறந்த முறையாகும். காற்றுக் குறைந்த உள்ளூர்களில் சூரியத் தகடு மட்டுமே போதும். அங்கு காற்றாடிக்குப் பணஞ் செலவிடுதல் வீண்.

காற்றாடியின் இறகுகள், 100 மீற்றர் சுற்றளவு தூரத்துக்குள் உள்ள மரம், கூரை யாவற்றிலும் 9 மீற்றராவது உயர்ந்து நிற்றல் வேண்டும். பனங்கூடலின் நடுவே காற்றாடி நாட்டுவது கிணற்றுக்குள் பட்டம் விடுவதை ஒக்கும். மரங்களின் பின்புறம் காற்றுச் சுழன்று, வேகம் குன்றுவதோடு இறகையும் தண்டையும் ஓயாது அலைக்கும். திறந்த வயல்வெளியும் கடலோரத் தரவையும் ஏற்றவை. ஒரு பருவகாலமாவது காற்றுமானி கொண்டு வேகத்தைக் குறித்துவைத்த பின்னரே வாங்குதல் அறிவுடைமை.

தேவையைக் கணக்கிடுக

கருவி வாங்குமுன் ஒரு தாளில் தேவையை எழுதுக. காட்டோரத்தில் வாழும் ஒரு கமக்காரக் குடும்பத்தின் நாளாந்தத் தேவை பின்வருமாறு இருப்பதாகக் கொள்க.

7 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் 4, மணித்தியாலம் 5: 140 வாற்று மணி
40 வாற்று மேசை விசிறி, மணித்தியாலம் 6: 240 வாற்று மணி
மின்வேலிச் சக்தியூட்டி 5 வாற்று, மணித்தியாலம் 24: 120 வாற்று மணி
வானொலி 5 வாற்று, மணித்தியாலம் 4: 20 வாற்று மணி
கைத்தொலைபேசிகள் இரண்டுக்கு: 20 வாற்று மணி

மொத்தம் 540 வாற்று மணி. இன்வேட்டரிலும் கம்பியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்து 650 எனக் கொள்க. காற்றில்லாத மூன்று நாட்களைத் தாங்குவதற்கு 1,950 வாற்று மணி தேவை. ஈயவமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்குதல் அதன் ஆயுளைக் குறைக்குமாதலால், அதனை இரட்டித்து 3,900 வாற்று மணியெனக் கொள்க. 24 வோல்ற்றுத் தொகுதியாயின் இதனை 24ஆல் வகுக்க 162 அம்பியர் மணி வரும். ஆகவே 12 வோல்ற்று, 200 அம்பியர் மணிப் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்தல் போதுமானது.

நல்ல காற்றுள்ள நாளில் முற்கூறிய காற்றாடி சராசரியாக 60 வாற்றுத் தருமாயின், 24 மணித்தியாலத்தில் 1,440 வாற்று மணி சேரும். தேவையைக் கழித்தபின் ஏறக்குறைய 800 வாற்று மணி எஞ்சும். அதனைக் கொண்டு நீரிறைக்கலாம்.

1,000 லீற்றர் நீரை 8 மீற்றர் உயர்த்துவதற்கு, சிறு பம்பியின் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 55 வாற்று மணி செலவாகும். 10,000 லீற்றருக்கு 550 வாற்று மணி. கோடையில் வெங்காயத்துக்கு நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் நீர் எனக் கொண்டால் ஒரு பரப்புக்கு 1,500 லீற்றர் வேண்டும். ஆகவே 10,000 லீற்றர் நீர் ஏறக்குறைய ஆறு பரப்புக்குக் கணக்கில் போதும். வாய்க்காலில் வீணாவதைக் கழித்தால் நான்கு பரப்புக்கு எனக் கொள்வது பாதுகாப்பானது. ஆனால் இது, காற்றுள்ள வேளையில் மெதுவாக இறைத்துத் தொட்டியில் நிரப்பும் சிறு நேரோட்டப் பம்பிக்கே பொருந்தும். ஒரு குதிரைவலு மோட்டரோ ஏறக்குறைய 1,000 வாற்றை இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதன் பன்மடங்கை இழுக்கும். அதனை இத்தொகுதியில் மாட்டுதல் பற்றரியைக் கொல்வதாகும்.

எத்தனை வோல்ற்று?

12, 24, 48 ஆகிய மூன்றும் வழக்கிலுள்ளன. கம்பியில் ஏற்படும் இழப்பைக் கொண்டே இதனைத் தீர்மானித்தல் வேண்டும். 500 வாற்று மின் 12 வோல்ற்றில் வருமாயின் 42 அம்பியர் பாயும். 24 வோல்ற்றில் 21 அம்பியர். 48 வோல்ற்றில் 10 அம்பியருக்குச் சற்று மேல். காற்றாடி பற்றரியிலிருந்து 30 மீற்றர் தொலைவில் உள்ளதெனக் கொள்க. போக்கு வரவாக 60 மீற்றர் செப்புக் கம்பி வேண்டும். 10 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின், 12 வோல்ற்றுத் தொகுதியில் 4.5 வோல்ற்றுக் கம்பியிலேயே அழியும். அதாவது மூன்றிலொரு பங்குக்கு மேல். 24 வோல்ற்றில் 2.2 வோல்ற்று அழியும். 48 வோல்ற்றில் ஒரு வோல்ற்றுச் சொச்சமே அழியும். 24 வோல்ற்றுக்கு 16 சதுர மில்லிமீற்றர்க் கம்பி இட்டால் இழப்பு நூற்றுக்கு ஆறளவில் நிற்கும். சிறு கொட்டிலுக்கு 12 வோல்ற்றும், இல்லத்துக்கு 24 வோல்ற்றும், தூரம் மிகுந்த இடத்துக்கு 48 வோல்ற்றும் தகும்.

24 வோல்ற்றுத் தொகுதியின் இரு பற்றரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற்றுக் கருவிக்கு மின்னெடுக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. இது பெருந்தவறு. ஒன்று வெறுமையாக, மற்றையது மிகை மின்னேறிக் கொதிக்கும். இரண்டும் விரைவிற் கெடும். 24ஐ 12 ஆக்கும் மாற்றி ஒன்றை வாங்கி இடுக.

காற்றாடியின் தனியியல்பு

சூரியத் தகட்டின் கம்பியைக் கழற்றிவிட்டால் அது வாளா கிடக்கும். காற்றாடி அவ்வாறன்று. பற்றரியோடு இணைந்திருக்கும் வரை அப்பற்றரியே அதற்குப் பாரமாகி, அதன் வேகத்தை அடக்கும். இணைப்பு அற்றதும், பூட்டிய கலப்பை கழன்ற எருது போல அது கட்டற்று ஓடும். வோல்ற்று பன்மடங்கு உயர்ந்து கருவிகளை எரிக்கும். இறகு பிய்ந்து வீசப்படும். ஆகவே, சுழலும் காற்றாடியை ஒருபோதும் பாரமின்றி விடலாகாது என்பதே இத்தொழிலின் முதல் விதி. இதன் காரணமாகவே, பற்றரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சூரியத் தகட்டுக் கட்டுப்படுத்தியைக் காற்றாடிக்கு இடலாகாது.

காற்றாடிக்கு ஏற்றது, மிகை மின்னை வேறோரிடத்துக்குத் திருப்பும் கட்டுப்படுத்தியாகும். பற்றரி நிறைந்து வோல்ற்று குறித்த அளவை எட்டியதும், அது மின்னை ஒரு தடையத்துக்குத் திருப்பி வெப்பமாக்கும். 24 வோல்ற்று ஈயவமிலப் பற்றரிக்கு அவ்வளவு ஏறக்குறைய 28.8 வோல்ற்று, சரியான அளவு பற்றரியுடன் வரும் தாளில் குறிக்கப்பட்டிருக்கும். தடையம், காற்றாடியின் முழு மின்னையும் தாங்குவதோடு அதற்கு மேலும் பாதியளவு தாங்கவல்லதாய் இருத்தல் வேண்டும். 500 வாற்றுக் காற்றாடிக்கு 750 வாற்றுத் தடையம் வேண்டும்.

சிலர் 230 வோல்ற்றில் இயங்கும் 1,000 வாற்றுக் கேத்தல் சுருளைத் தடையமாக மாட்டி, போதுமானதென நம்புவர். அச்சுருள் 28.8 வோல்ற்றில் 16 வாற்றே உறிஞ்சும். காற்றாடி 500 வாற்றுத் தரும்போது எஞ்சிய யாவும் பற்றரியைக் கொதிக்கவைக்கும். 24 வோல்ற்றுக்கெனச் செய்த தடையத்தையே வாங்குக. அது செந்நிறமாகச் சூடேறவுங் கூடுமாதலின், கிடுகு, வைக்கோல், பற்றரி ஆகியவற்றுக்கு அப்பால், சீமெந்துச் சுவரில் பொருத்துக.

இணைக்கும் ஒழுங்கு

காற்றாடியின் மின்பிறப்பாக்கியிலிருந்து மூன்று கம்பிகள் வரும். அவற்றில் வருவது ஆடலோட்டம். பற்றரியோ நேரோட்டத்தையே ஏற்கும். ஆகவே தொகுதியின் உறுப்புக்கள் பின்வரும் வரிசையில் அமைதல் வேண்டும்.

முதலாவது, நிறுத்தும் ஆளி. இது மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் குறுக்கிடும். அவ்வாறு சேர்த்ததும் காற்றாடி தளர்ந்து மெல்ல ஊரும். வன்காற்றிடையே திடீரென இதனைப் போடுவதால் சுருள் எரியக்கூடும். புயல் வருமென அறிந்தால் முன்கூட்டியே, காற்றுத் தணிந்த வேளையில் போடுக.

இரண்டாவது, ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கி. 21 அம்பியர் பாயும்போது இதில் ஏறக்குறைய 30 வாற்று வெப்பம் உண்டாகும். எனவே அகன்ற அலுமினியத் தகட்டில், காற்றுப்படும் இடத்தில் இதனை இறுகப் பொருத்துக. பற்றரியிலிருந்து மின் திரும்பிச் சென்று காற்றாடியைச் சுழற்றாமல் தடுப்பதும் இதுவே.

மூன்றாவது, உருகி. சீராக்கியின் நேர்முனைக் கம்பியில், பற்றரிக்கு மிக அருகில் 40 அம்பியர் உருகி இடுக. இதனைச் சிறிதாக இடலாகாது. காற்றடிக்கும் வேளையில் உருகி எரிந்தால் காற்றாடி பாரமிழந்து ஓடும்.

நான்காவது, பற்றரி. ஒரு பற்றரியின் நேர்முனையை மற்றையதன் எதிர்முனையுடன் தடித்த கம்பியால் இணைக்க 24 வோல்ற்று வரும். இரண்டும் ஒரே வகையும் ஒரே வயதும் உடையனவாதல் வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் பழையதன் நிலையை அடையும்.

ஐந்தாவது, திருப்பும் கட்டுப்படுத்தியும் தடையமும். இவை பற்றரியுடன் தனிக் கம்பியாலும் தனி உருகியாலும் இணைக்கப்படல் வேண்டும்.

ஆறாவது, இன்வேட்டர். இதுவும் பற்றரியிலிருந்தே, தனி உருகி வழியாக மின்பெறும். கட்டுப்படுத்தியின் முனையிலோ சீராக்கியின் முனையிலோ இன்வேட்டரை மாட்டலாகாது.

பூட்டும்போது முதலில் நிறுத்தும் ஆளியைப் போட்டுக் காற்றாடியை அடக்குக. பின்னர் பற்றரிகளை இணைக்க. கட்டுப்படுத்தியையும் தடையத்தையும் இணைக்க. முனைகள் மாறவில்லையென வோல்ற்றுமானியால் பார்க்க. சீராக்கிக் கம்பியைப் பூட்டுக. யாவும் இறுகியபின் ஆளியை விடுவிக்க. கழற்றும்போது இவ்வொழுங்கைத் தலைகீழாக்குக. காற்றாடியை அடக்காமல் பற்றரியைத் தொடலாகாது.

இன்வேட்டர்

பற்றரியின் நேரோட்டத்தை 230 வோல்ற்று, 50 சுற்று ஆடலோட்டமாக மாற்றுவது இன்வேட்டராகும். விலைகுறைந்தவை படிப்படியான அலையைத் தருவன. அவை விளக்குக்குப் போதுமெனினும், விசிறியும் மோட்டரும் அவற்றாற் சூடேறி இரையும். தூய அலை தரும் இன்வேட்டரே விரும்பத்தக்கது.

பெரிய இன்வேட்டர் பெருமைக்குரியதன்று. மேற்கூறிய குடும்பம் ஒரே வேளையில் 100 வாற்றளவே செலவிடும். அதற்கு 300 முதல் 500 வாற்று இன்வேட்டர் போதும். பெரியவை பயனின்றி இயங்கும்போதே பத்து, இருபது வாற்றை விழுங்கும். பத்து வாற்று நாள்முழுதும் செலவாயின் 240 வாற்று மணி. அது விசிறி ஆறு மணித்தியாலம் சுழலும் மின்னாகும். தேவையற்ற வேளையில் இன்வேட்டரை நிறுத்துக.

1,000 வாற்று இன்வேட்டர் 24 வோல்ற்றில் 47 அம்பியரும், 12 வோல்ற்றில் 95 அம்பியரும் இழுக்கும். ஆகவே பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் இடையிலான கம்பி 2 மீற்றருக்கு மேற்படாமலும், 25 சதுர மில்லிமீற்றர் தடிப்புக்குக் குறையாமலும் இருத்தல் நன்று. நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி மாட்டினால் இன்வேட்டர் அக்கணமே கெடும்.

இரண்டு செயல்கள் உயிர்ப்பலி கொள்வன. முதலாவது, மின்சார சபையின் இணைப்புள்ள வீட்டுக் கம்பியில் இன்வேட்டரைச் செருகுதல். மின்வெட்டு வேளையில் இன்வேட்டரின் மின் வெளிக்கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலைசெய்யும் தொழிலாளியைக் கொல்லும். இரண்டிலொன்று மட்டுமே இணையத்தக்க மாற்றாளியை, அனுமதிபெற்ற மின்தொழிலாளி மூலம் பொருத்துவித்தல் வேண்டும். இரண்டாவது, இன்வேட்டரின் 230 வோல்ற்றை நேரே வேலிக் கம்பியில் விடுதல். இவ்வாறான கள்ள வேலிகளில் யானையும் மாடும் மட்டுமன்றி, அயலவரும் சொந்தப் பிள்ளைகளுமே மாண்டுள்ளனர். இது சட்டவிரோதமானது. செக்கனுக்கொருமுறை நொடிநேர அதிர்ச்சி மட்டும் தரும் முறையான சக்தியூட்டியையே வேலிக்குப் பயன்படுத்துக.

பற்றரியைப் பேணும் முறை

மோட்டார் வாகனப் பற்றரி, எந்திரத்தைத் தொடக்குவதற்கெனச் செய்யப்பட்டது. அதனை நாளாந்தம் வெறுமையாக்கினால் விரைவில் இறக்கும். ஆழ்ந்து செலவிடத்தக்க பற்றரியையே வாங்குக. ஓய்வுநிலையில் 12 வோல்ற்றுப் பற்றரி 12.7 காட்டினால் நிறைந்தது, 12.2 காட்டினால் பாதி, 11.8 காட்டினால் வெறுமை. பாதிக்குக் கீழிறங்கியதும் செலவைக் குறைக்க. இந்த எண்களைப் பற்றரி அறைக் கதவில் எழுதி வைத்தால் வீட்டிலுள்ள யாவரும் பார்த்தறிவர்.

திறந்த வகைப் பற்றரியில் தகடுகள் நீரில் மூழ்கியிருத்தல் வேண்டும். மாதமொருமுறை பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுக. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கிணற்று நீரும், கரையோர உவர்நீரும் பற்றரிக்கு நஞ்சு.

மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அது காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆகவே படுக்கையறையில் பற்றரி வைக்கலாகாது. மேலும் கீழும் துவாரமுள்ள தனிப் பெட்டியில் வைக்க. இன்வேட்டரையும் ஆளிகளையும் அப்பெட்டிக்கு வெளியே பொருத்துக. அருகில் பீடி, குப்பி விளக்கு ஆகா. வேலைசெய்வோர் மோதிரத்தையும் காப்பையும் கழற்றுக. சாவியின் பிடியில் நாடா சுற்றுக. அமிலம் தெறித்தால் மிகுந்த நீரால் கழுவுக. கண்ணிற் பட்டால் விடாது கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்க.

இலிதியப் பற்றரி இக்காலத்தில் பரவி வருகின்றது. அது இலேசானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் அதனுள் உள்ள காவற்கருவி, மிகை மின்னேறும்போது தானாகவே இணைப்பைத் துண்டிக்கும். அக்கணமே காற்றாடி பாரமிழக்கும். இதற்கெனத் தனி ஏற்பாடு இல்லாதவிடத்து, தொடக்கக்காரருக்கு ஈயவமிலப் பற்றரியே பாதுகாப்பானது.

கம்பமும் பராமரிப்பும்

சாய்த்து நிமிர்த்தத்தக்க குழாய்க் கம்பமே கமக்காரருக்கு உகந்தது. ஏறிப் பழுதுபார்க்க வேண்டியதில்லை. நான்கு திசையிலும் உருக்குக் கயிறு கட்டுக. கயிற்றின் முளை, கம்பத்தின் உயரத்தில் பாதித் தூரத்துக்குக் குறையாமல், சீமெந்தில் ஊன்றப்படல் வேண்டும். மின்சார சபைக் கம்பியிலிருந்தும், வீட்டிலிருந்தும், பாதையிலிருந்தும் கம்பத்தின் முழு உயரத்துக்கு மேற்பட்ட தூரம் விடுக. நிமிர்த்தும்போதும் சாய்க்கும்போதும் பிள்ளைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அகற்றுக. சித்திரை, ஐப்பசி மாதங்களின் இடிமின்னலுக்காகக் கம்பத்தைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தொடுப்புச் செய்க.

சோளகம் தொடங்குமுன் ஒருமுறையும் வாடை தொடங்குமுன் ஒருமுறையும் கம்பத்தைச் சாய்த்து, ஆணி, இறகு, வால், கம்பி முனை யாவற்றையும் பார்க்க. வன்காற்றில் இறகைக் காற்றுமுகத்திலிருந்து விலக்கும் மடிப்புவால் தடையின்றி அசைகிறதா எனச் சோதிக்க. கரையோர உப்புக்காற்று இரும்பை அரிக்கும். நாகம் பூசிய ஆணிகளையே இட்டு, முனைகளுக்குக் கிறீசு தடவுக.

முடிவுரை

காற்று விலையின்றிக் கிடைப்பது. ஆனால் அதனைப் பிடிக்கும் கருவியும், சேமிக்கும் பற்றரியும் விலையின்றிக் கிடைப்பனவல்ல. பற்றரி சில ஆண்டுகளில் தேய்ந்து மீண்டும் வாங்கப்பட வேண்டியது. எனவே இல்லத்துக்கு அருகே மின்கம்பி செல்லுமாயின் அதனைப் பெறுதலே மலிவு. மின்கம்பி எட்டாததும், காற்று நிறைந்ததுமான நிலமுடையோர்க்கு இம்முறை உறுதுணையாகும். அயலிலுள்ள இரண்டு, மூன்று கமக்காரர் கூடி, ஒருவர் நிலத்தில் ஓராண்டு காற்றை அளந்து பார்த்து, பின்னர் பொதுவில் ஒரு காற்றாடியை நிறுவிப் பயில்வது நட்டத்தைக் குறைக்கும். நீர்த்தேவை, பயிர்ப் பரப்பு, சிக்கனப் பாசன முறை ஆகியன பற்றித் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், மின்னிணைப்புப் பற்றி அனுமதிபெற்ற மின்தொழிலாளியையும் அணுகி ஆலோசனை பெற்ற பின்னரே பணத்தைச் செலவிடுக.

நினைவிற் கொள்ள வேண்டியன:

1. காற்றை அளந்த பின்னரே காற்றாடி வாங்குக.
2. சுழலும் காற்றாடியைப் பாரமின்றி விடலாகாது.
3. ஒவ்வொரு கம்பிக்கும் பற்றரியின் அருகே உருகி இடுக.
4. பற்றரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கலாகாது.
5. இன்வேட்டர் மின்னை வேலிக்கும் வெளிக்கம்பிக்கும் விடலாகாது.